முதலாளி என்றொரு நண்டு

“…பிடிச்ச நண்டைத் திருப்பிக் கடலுக்கை விடுறதோ? இந்தச் சனத்துக்கு விசரோ?” என்கிறார் ஜெயம் அண்ணை. பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் அவர்தான் சமையல். இந்தச் சின்ன டென்மார்க் தீவில் நண்டு பிடிக்கலாம் என்று நான் சொன்னதுமே, கறித்தூளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாரிஸிலிருந்து புறப்பட்டவர்.

இறங்குதுறையில் குப்புறப் படுத்துத்தான் பிடிக்கிறோம். உடுப்புக் காயப்போடும் கிளிப்பில் மட்டிச் சதையை வைத்து, நூலில் கட்டி இறக்கினால் போதும். நண்டு தானே கவ்விக்கொண்டு மேலே வருகிறது. அண்ணைக்கு அகப்பட்டதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

நூல் தந்த தீவுக்காரப் பெண்மணி மசியவில்லை. முதலில் நண்டுகளுக்கு ஓட்டப்போட்டி, பிறகு கடல், இங்கே அதுதான் வழக்கமாம். அவர் ஆங்கிலத்தில் இன்னொன்றும் கேட்கிறார்.

“அண்ணை, உங்கட நண்டுக்குப் பேர் என்னவாம்?”

“முதலாளி எண்டு சொல்லு. எங்கட கடை முதலாளியைப் போலத்தான், கையை நீட்டி நீட்டி வெருட்டுது. ஓடி முடியட்டும், பிறகு சட்டிதான்.”

மணலில் கோடு கீறி நண்டுகளை விடுகிறோம். கையால் தொடக்கூடாது என்பது விதி. முந்திப் போன முதலாளி, தண்ணீருக்கு ஒரு சாண் இருக்கையில் நின்றுவிடுகிறது. பெண்மணியின் நண்டு பின்னால் நெருங்குகிறது.

“ஓடு முதலாளி, ஓடு! மானத்தை வாங்காதை!”

கறித்தூள் பொட்டலம் மணலில் விழுந்ததையும் கவனிக்காமல், அண்ணை நண்டின் பின்னால் குப்புறப் படுத்து, அடுப்பு ஊதுவதுபோல் கடல் பக்கமாக ஊதுகிறார்.