இருபத்தோராவது நடை

"அஞ்சு நாப்பத்தொண்ணு, எழுபது... அஞ்சு நாப்பத்தொண்ணு, எழுபது..."

சுங்கச்சாவடியின் தடுப்புக்கட்டை உயர்ந்து வழிவிட்ட நொடியிலிருந்து அவர் இதைப் பாடிக்கொண்டே வருகிறார். முதலில் தாலாட்டு மெட்டு. பாலம் தாண்டியதும் அதுவே அணிவகுப்பு மெட்டாகிறது. பின்னால் வரும் லாரி ஹாரன் அடித்தால் அந்தச் சுதிக்கு ஏறிக்கொள்கிறார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து, ஒரு மருத்துவமனையின் பின்வாசலில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே செருகியிருந்த நோட்டை உருவி, நேரத்தையும் தொகையையும் எழுதி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப கேளுங்க. வண்டி ஓட்டும்போது எழுதக்கூடாது. பேசினா மறந்துடும். அதான் பாடிக்கிறது."

சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ரசீதக்கா. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் துவைத்துக் கொடுக்கும் பெரிய கூடம் அது. அங்கே வண்டி ஓட்டுபவர்கள் ஐந்து பேர். பெண் இவர் ஒருவர்தான். வயது ஐம்பத்திரண்டு. குள்ளம். இருக்கையில் மடித்த விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் சாலையைப் பார்க்கிறார். அந்த விரிப்பையும் வாரம் ஒருமுறை துவைக்கப் போட்டு, கிழமை குறித்து வைக்கிறார்.

நோட்டுப் பழக்கம் வந்த கதையை அவரே சொன்னார். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு மாதத்துச் சுங்கக் கணக்குத்தாளில், அவர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு சாவடியில் அவர் வண்டிக்குப் பணம் பிடித்திருந்தார்கள். எங்கோ ஒரு கேமரா, வேறொரு வண்டியின் எண்ணை இவருடையது என்று வாசித்துவிட்டது. "என் வண்டி என்னை விட்டுட்டுத் தனியா ஊர் சுத்திட்டு வந்திருக்கு! கேட்டா எங்க ஆபீஸ்ல என்னையே ஒரு மாதிரி பார்க்கிறாங்க. நான் போகலைன்னு எதை வெச்சுச் சொல்றது? அன்னிக்குப் பிடிச்சேன் நோட்டை."

நோட்டுகள் இப்போது பதினாறு ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் துணியில் உறை தைத்திருக்கிறது. தைத்தவர் அவருடைய கணவர், தையல்காரர். கடையின் முன்பகுதியில் தையல் இயந்திரம், பின்பகுதியில் குடித்தனம். "ஊர்ல இருக்கிற கேட்டையெல்லாம் எத்தனை மணிக்குத் தாண்டினேன்னு எழுதறா. நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரேன்னு ஒருநாள் பார்த்ததில்லை," என்றார் அவர், வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு. உள்ளேயிருந்து பதில் வந்தது: "நீங்கதான் வீட்டை விட்டே போறதில்லையே!"

சுங்கக் கட்டணம் என்று ஆரம்பித்தால் அவருக்கு ஒரு தனி உற்சாகம் வந்துவிடுகிறது. முழுக் கட்டணம் நூறு. காலை ஆறு மணிக்கு முன்பு சாவடியைத் தாண்டினால் முப்பது சதவீதம் தள்ளுபடி. அதற்கு அதிகாலைத் தள்ளுபடி என்று பெயர். ஒரே சாவடியை மாதத்தில் இருபது நடை தாண்டிய வண்டிக்கு, இருபத்தோராவது நடையிலிருந்து பாதிக் கட்டணம். அது நடைத் தள்ளுபடி. போகும்போது மட்டும்தான் பணம், திரும்பும்போது இலவசம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மின்கண் படித்துக்கொள்கிறது. பிடித்த தொகை பக்கத்துப் பலகையில் இரண்டு நொடி மின்னி மறைகிறது. "அந்த ரெண்டு நொடியை யாரும் பார்க்கிறதே இல்லைங்க. கட்டை தூக்கினாப் போதும், பறந்துடுவாங்க."

அவருக்குத் தள்ளுபடி என்றாலே ஒரு சோதனை ஆசை. ஒருமுறை செருப்புக்கடையில் இரண்டு தள்ளுபடிச் சீட்டை ஒன்றாக நீட்டி, "இதை முதல்ல கழிப்பீங்களா, அதை முதல்ல கழிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கடைப்பெண் முதலாளியைக் கூப்பிட, முதலாளி கணக்கரைக் கூப்பிட, முக்கால் மணி நேரம் நடந்த அந்த விவாதத்தின் முடிவில் இவர் செருப்பே வாங்கவில்லை. "சைஸ் இல்லை," என்றார் என்னிடம், கொஞ்சமும் வருத்தம் இல்லாமல்.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் அவரோடு வண்டியில் சுற்றிய அந்த வாரத்தில்தான் மீசையண்ணன் விஷயம் வெடித்தது.

மீசையண்ணன் இன்னொரு வண்டியின் ஓட்டுநர். பத்தொன்பது வருடச் சேவை. பெரிய மீசை, சின்னக் குரல். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தினமும் விடியற்காலையில் அதே சாவடியைத் தாண்டி, இன்னொரு மருத்துவமனைக்கு விரிப்புகளைக் கொண்டுபோகிறவர். அந்த மருத்துவமனையிலிருந்து, ஒரு வாரமாக விரிப்புகள் தாமதமாக வருகின்றன என்று புகார் வந்தது. மேலாளர் அந்த மாதத்துச் சுங்கக் கணக்கை எடுத்துப் பார்த்தார். இருபது நடை வரைக்கும் "அதிகாலைத் தள்ளுபடி" என்று போட்டிருந்தது. இருபத்தோராவது நடையிலிருந்து ஆறு நாளும் அந்த வார்த்தையே இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, வேலைநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, மீசையண்ணனை மடிப்புக்கூடத்தில் உட்காரவைத்தார்.

மீசையண்ணன் மூன்று நாள் அங்கே உட்கார்ந்து துண்டு மடித்தார். வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் நாலரைக்கே எழுந்து, மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, மடிப்புக்கூடம் திறக்கும்வரை வாசலில் நின்றிருக்கிறார். நான்காம் நாள் காலை, வண்டியில் ஏறப்போன ரசீதக்காவின் கண்ணில் அவர் அங்கே நிற்பது பட்டது. துருவித் துருவிக் கேட்டபோது, "நான் அஞ்சே முக்காலுக்குத்தான்ம்மா தாண்டினேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைய நடையை முடித்துவிட்டு வந்த ரசீதக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனார். மீசையண்ணனையும் கையோடு இழுத்துப் போனார். நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். துவைக்கும் இயந்திரங்களுக்கு நேர் மேலே இருக்கும் கண்ணாடி அறை அது. கீழே இயந்திரம் பிழியத் தொடங்கினால் மேஜையும் தேநீரும் மேலாளரும் சேர்ந்து அதிர்வார்கள். மேலாளர் கெட்டவர் இல்லை. கணக்கில் கெட்டிக்காரர் என்று தன்னைப் பற்றி நினைத்திருப்பவர். நல்ல மனநிலையில் இருந்தால் ரசீதக்காவை "அக்கா" என்பார், கோபம் வந்தால் "மேடம்" என்பார்.

"மேடம், இது உங்க விஷயம் இல்லை."

"வண்டி விஷயம்தானே சார். அண்ணன் லேட்டுன்னு எப்படிச் சொல்றீங்க?"

மேலாளர் தாளைத் திருப்பிக் காட்டினார். "அதிகாலைக்கு முப்பது, நடைக்கு அம்பது. ரெண்டும் சேர்ந்தா எண்பது. நூறுல எண்பது போனா இருபது. இவர் ஆறு மணிக்குள்ள தாண்டியிருந்தா இருபதுதானே பிடிச்சிருக்கணும்? அம்பது பிடிச்சிருக்கு. அதிகாலைத் தள்ளுபடி இவருக்குக் கிடைக்கவே இல்லை. அப்ப எங்கேயோ வண்டியை ஓரம் கட்டித் தூங்கிட்டு, ஆறு மணிக்கு மேல தாண்டியிருக்கார். கணக்கு பொய் சொல்லாது."

மீசையண்ணன் தரையைப் பார்த்தார். கீழே இயந்திரம் பிழிய ஆரம்பித்தது. தேநீரில் வட்டம் வட்டமாக அலை.

"சூப்பர் கணக்கு சார்," என்றார் ரசீதக்கா. "ரெண்டு மாசம் முன்னாடி நானும் இதையேதான் போட்டேன். இதே மாதிரி அழகா இருபதுன்னு வந்துச்சு. ஆனா தப்பு."

நோட்டை விரித்தார். இவர் வழக்கமாக வாரத்தில் மூன்று நாள்தான் அந்த வழியில் போகிறவர். இருபது நடையைத் தொடமாட்டார். ஆனால் அந்த மாதம் இன்னொருவர் விடுப்பில் போனதால் தினமும் ஓட்டியிருக்கிறார். இருபத்தோராவது நடை: ஐந்து முப்பத்தெட்டு, ஐம்பது. பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. அதற்குக் கீழே, சுங்க அலுவலகத்தின் உதவி எண்ணில் பேசிய நேரம்.

"இருபதுக்குப் பதிலா அம்பது பிடிச்சிருக்கீங்களேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சண்டையே போட்டேன். 'அம்மா, ரெண்டும் சேராது. எது பெருசோ அது ஒண்ணுதான்'னு சொல்லுச்சு. அம்பதுதான் பெருசு. அதைக் கொடுத்ததும் முப்பதைக் கணக்குத்தாள்ல காட்டவே மாட்டாங்க. யோசிச்சா சரிதானே சார்? மழைக்கு ஒரு குடை இருக்கு. அதுக்குக் கீழே இன்னொரு குடையும் பிடிச்சா, டபுளாவா காய்ஞ்சு போவோம்?"

மேலாளர் சிரிக்கவில்லை. "நோட்டு உங்க நோட்டு. எழுதினது நீங்க. இதை எப்படி நம்புறது?"

"நம்பவே வேண்டாம். கேட்டுடுவோம்."

போனை எடுத்து மேஜையில் வைத்து ஒலிபெருக்கியைத் தட்டினார். காத்திருப்புப் பாட்டு ஓடியது. ரசீதக்கா அதற்குத் தலையாட்டினார். உதவி எண்ணில் எடுத்தவர் ஓர் இளம்பெண். மேலாளர் வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லி, ஒன்றுக்கு இரண்டு முறை அதே கேள்வியைக் கேட்டார். ஒன்றுக்கு இரண்டு முறை அதே பதில் வந்தது: இரண்டு தள்ளுபடிக்கும் தகுதி இருந்தால், அதிகமானது மட்டும். "மாதக் கணக்கில் நேரம் வராது சார். கேட்டால் தனி விவரத்தாள் அனுப்புவோம். இப்போது வாசிக்கட்டுமா?"

"வாசிம்மா," என்றார் ரசீதக்கா, மேலாளருக்கு முந்திக்கொண்டு.

"திங்கள், ஐந்து நாற்பத்து நான்கு. செவ்வாய், ஐந்து நாற்பத்து மூன்று. புதன், ஐந்து நாற்பத்தாறு..."

ஆறு நாளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலாளரின் முகவாய் கழுத்துப்பட்டையை நோக்கி ஒரு அங்குலம் இறங்கியது. ஆறு மணியைத் தொட்ட நாள் ஒன்றுகூட இல்லை. மீசையண்ணன்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"புதன்கிழமை நாப்பத்தஞ்சுன்னு நினைச்சேன். நாப்பத்தாறா?"

ரசீதக்கா சிரித்த சிரிப்பில் போனின் மறுமுனையில் இருந்த பெண்ணும் சிரித்துவிட்டாள்.

"அப்ப எதுக்கு லேட்டு?" என்றார் மேலாளர். கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம் தெரிந்தது. மீசையண்ணனிடமிருந்து விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. மருத்துவமனைக் கிடங்கின் சாவி வைத்திருக்கும் பெண் புதிது. கைக்குழந்தைக்காரி. ஒரு வாரமாகத் தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். வண்டி நேரத்துக்குப் போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறது. "சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமேன்னு..." என்று மீசையண்ணன் இழுத்தார்.

"அதுக்குப் பதிலா உங்க வேலை போகட்டும்னு விட்டுட்டீங்களா?" ரசீதக்காவுக்கு முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "நல்லா இருக்குண்ணே நீங்க போடற கணக்கு!"

மேலாளர் கடிதத்தை நான்காகக் கிழித்தார். வண்டிச் சாவியை மேஜைமேல் தள்ளிவிடாமல், எழுந்து வந்து மீசையண்ணன் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, "டீ சாப்பிடுறீங்களா?" என்பது வந்தது. கிடங்குக்கு இரண்டாவது சாவி ஒன்று செய்து காவலாளியிடம் கொடுத்து வைக்குமாறு மருத்துவமனைக்கு அன்றே எழுதினார். கடைசியில், "அக்கா, இந்த ஒரு வருஷக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

பார்த்துக் கொடுத்தார். பத்து நாள் ஆயிற்று. ஐந்து வண்டியின் தாள்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, வீட்டுக்காரரின் அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்தி நகர்த்திப் படித்தார். ஓட்டுநர்களின் நடைக் குறிப்புகளோடு ஒப்பிட்டார். மூன்று இடத்தில் அதிகமாகப் பிடித்திருந்தார்கள். மேலாளருக்குப் பரம சந்தோஷம். பணத்தைத் திருப்பிக் கேட்க ரசீதக்கா போன் போட்ட அன்று நான் மறுபடி போயிருந்தேன்; மடிப்புக்கூடத்தில் மேலாளரும் பக்கத்தில் நின்றிருந்தார். மூன்றையும் சொல்லி முடித்தார். எதிர்முனை நன்றி சொல்லி வைக்கப் போனது.

"இரும்மா, இன்னொண்ணு இருக்கு. என் வண்டி, இருபத்து மூணாவது நடை. பலகையில அம்பதுன்னு காட்டுச்சு, நான் பார்த்தேன். தாள்ல முப்பத்தஞ்சுன்னு இருக்கு. முப்பதைக் கழிச்சிட்டு, மிச்சத்துல பாதியையும் கழிச்சிருக்கீங்க. ரெண்டு குடை பிடிச்சிட்டீங்க எனக்கு."

மேலாளர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "அக்கா! அதை எதுக்குச் சொல்றீங்க? நமக்கு லாபம்தானே? பதினஞ்சு ரூபாய்க்குப் போய்..."

"கூடப் பிடிச்சதைச் சொன்னோம்ல சார்? குறைச்சுப் பிடிச்சதும் தப்புதானே?"

எதிர்முனைப் பெண் குழம்பிவிட்டாள். பணம் வேண்டும் என்பவர்களுக்குப் படிவம் இருந்தது. பணம் தருகிறேன் என்பவர்களுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டுப் போனாள். காத்திருப்புப் பாட்டு தொடங்கியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். "வெச்சிடுங்களேன்," என்றேன் நான்.

ரசீதக்கா, பாட்டு ஓடிக்கொண்டிருந்த போனைத் துண்டுக் குவியலின் மேல் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். இஸ்திரி உருளையிலிருந்து அப்போதுதான் இறங்கிச் சூடாக இருந்த இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்றை உதறி விரித்து, அதன் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்து, மற்ற இரண்டைத் தான் பிடித்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து நின்றார்.