பூஜையில் ஓடிக்கொண்டிருந்த மூன்று லினக்ஸ்

தொண்ணூற்றொன்பதில் எங்கள் கம்பெனி பெங்களூருக்கு மூட்டை கட்டியது. கூட வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். கணவரும் மாமியாரும் மயிலாப்பூரில் இருக்க, நான் மட்டும் அங்கே போய்த் தனியாகப் பொங்கித் தின்பதா? வேலையை விட்டேன். கம்பெனி கழித்துக் கட்டியவற்றில் விண்டோஸ் என்.டி. போட்ட ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தேன்.

அதே கம்பெனியில் டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கும் வேலை போயிற்று. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு. வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. மதிய இடைவேளைகளில் என்னிடம், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸைக் கற்றுக்கொண்டவள். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு கம்பெனியில் லினக்ஸ் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். நல்ல நாள் பார்த்து விஜயதசமி காலையில் பரீட்சை வைத்திருந்தார்கள்.

"தீபாவளிக்குள்ள வேலை கெடைக்கலன்னா கிண்டில எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயி பட்டன் தைன்னு அம்மா சொல்ட்ச்சுக்கா. எனுக்கு கம்ப்யூட்டர விட மனசே இல்ல" என்றாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சங்கடம் என்னவென்றால், அவர்கள் கேட்டது ஒரு லினக்ஸ் தெரிந்த ஆளை அல்ல. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் பல மெஷின்களைக் கட்டி மேய்க்கத் தெரிய வேண்டும். கடிதங்களை வாங்கி வைக்கும் மெஷின் ஒன்று, பெயரைச் சொன்னால் விலாசம் சொல்லும் மெஷின் ஒன்று, இவற்றிடம் வேலை கேட்கும் சாதாரண மெஷின் ஒன்று. என்னிடம் இருப்பதோ ஒரே பெட்டி. அதிலும் என் கணவருடைய கணக்கு வழக்கெல்லாம் விண்டோஸில் இருந்தது. அதை அழித்தால் வீட்டில் மகாபாரதம்தான்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் ஒரு சி.டி. கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே பல கம்ப்யூட்டர்களை ஓட்டுகிற மென்பொருள். விண்டோஸ் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குள் ஒரு லினக்ஸ், தான் தனி மெஷின் என்றே நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும். வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். சைதாப்பேட்டைக்காரி வைத்த பெயர் 'டூப்பு மெஷின்'.

ஒன்று ஜோராக ஓடியது. இரண்டாவதைத் திறந்ததும் முனகியது. மூன்றாவதைத் திறந்தால் எல்லாம் சேர்ந்து படுத்துக்கொள்ளும், மவுஸ்கூட நகராது. ஒரு வாரம் இதே கூத்து. எனக்குக் கோபம் வந்தால் கம்ப்யூட்டரையும் திட்டுவேன், பக்கத்தில் இருப்பவரையும் திட்டுவேன். அவள் பாவம், இரண்டு பேருக்கான திட்டையும் வாங்கிக்கொண்டு, "உடுக்கா, பெரிய மன்சங்க நீங்க, அத்தப் போயி திட்டிக்கினு" என்பாள்.

கடைசியில் டிஸ்க் விளக்கைப் பார்த்துதான் பிடிபட்டது. மூன்று மெஷின்களும் எழுந்த நேரத்தில் அது அணையவே இல்லை, எரிந்துகொண்டே இருந்தது. மெமரி போதாமல் விண்டோஸ் எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டுப் போட்டு எடுத்துத் திணறுகிறது என்று அர்த்தம். இருந்த மெமரியை எல்லாம் நான் தாராளமாக மூன்று லினக்ஸுக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருந்தேன். அவற்றைத் தாங்குகிற விண்டோஸுக்கு ஒன்றும் வைக்கவில்லை. பரிமாறுகிறவளைப் பட்டினி போட்டுவிட்டுப் பந்தி நடக்கவில்லையே என்று கத்தியிருக்கிறேன்! விண்டோஸுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கினேன். லினக்ஸ்களின் படமும் அலங்காரமும் எடுத்துவிட்டு வெறும் எழுத்துத் திரையாக்கினேன்.

"இன்னாக்கா, கலரெல்லாம் பூட்ச்சு" என்று அவள் முகம் தொங்கிவிட்டது.

"கலர் வேணுமா, வேலை வேணுமா?" என்றேன்.

இன்னொன்றும் கற்றோம். மூன்றையும் ஒரே நேரத்தில் எழுப்பக் கூடாது. விலாசம் சொல்லும் மெஷின் முதலில் எழுந்து நிற்க வேண்டும். பிறகு கடித மெஷின், கடைசியில் மற்றது. அப்படிச் செய்த அன்று முழுப் பகலும் ஒன்றுகூட விழவில்லை. நான் சந்தோஷத்தில் தரையில் கால் பாவாமல் இருந்த நேரத்தில் மாமியார் குங்குமச் சிமிழோடு வந்து நின்றார்.

"நாளைக்கு சரஸ்வதி பூஜை. அத அணைச்சுக் குடு, சந்தனம் இடணும்."

"அம்மா, இப்பதான் விழாம நிக்கறது. நாளைக்கும் நின்னாதான் நம்பலாம்."

"பூஜைல வெச்சத வேலை வாங்கப்படாதுடீ."

"நான் எங்க வாங்கறேன்? அது பாட்டுக்கு ஓடிண்டிருக்கு."

மாமியார் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாஸ்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. என் கணவர் பேப்பரை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டார்.

"ஓடட்டும்" என்றார் மாமியார். "ஆனா ஒங்கை அதும்மேல பட்டுதோ, சுண்டல் கெடையாது."

மறுநாள் காலையில் அவள் மல்லிகைப்பூவோடு வந்தாள். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, பெட்டிக்குப் பட்டு வஸ்திரம், கீபோர்டின் மேல் புஸ்தக அடுக்கு. நடுவே மூன்று கறுப்பு ஜன்னல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொடக் கூடாது என்றதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"பரீட்ச நாளைக்குக்கா. இன்னிக்குத் தொடலன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"வாய் இருக்கோல்லியோ? உக்காரு" என்று அதட்டினேன்.

இருவரும் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். கரண்ட் போய் வந்தால் முதலில் எதை எழுப்புவாய்? கடிதம் போகவில்லை என்றால் எந்த மெஷினைக் கேட்பாய், என்னவென்று கேட்பாய்? நான் கேட்கக் கேட்க, தட்ட வேண்டியதை எல்லாம் அவள் வாயால் சொன்னாள். பழக்க தோஷத்தில் விரல்கள் மடியில் தட்டிக்கொண்டிருந்தன. கையைக் கட்டு என்றேன்.

"மெயில் மெஷின் பேசல. மொதல்ல என்ன பாப்பே?"

"கேபிள் பாப்பேன்."

"டூப்பு மெஷினுக்கு ஏதுடி கேபிள்?"

"பரீட்ச வெக்கற எடத்துல நெஜ மெஷினாச்சேக்கா. கேபிள் இருக்கும்ல?"

என் பெட்டிக்குள்ளேயே உலகம் இருக்கிறது என்று நான் நினைத்துவிட்டிருந்தேன்.

மத்தியானம் பெட்டியின் விசிறி இரைய ஆரம்பித்தது. பட்டு வஸ்திரம் பின்பக்கம் சரிந்து காற்றுப் போகிற இடத்தை அடைத்திருந்தது. எடுக்கலாம் என்றால் தொடக் கூடாது. நாங்கள் இருவரும் கையைப் பிசைந்துகொண்டு, "அம்மா!" என்று கத்தினோம். மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். பதறவே இல்லை. வஸ்திரத்தை எடுத்து ஒழுங்காக மடித்து மேலே வைத்தார். தன் அறை டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேரே திருப்பி வைத்தார்.

"அம்பாளுக்கு விசிறலாம். தப்பில்ல" என்றார்.

அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மடி என்று விலகிப் போய்விடுவாரே என்று சும்மா இருந்தேன்.

விஜயதசமி அன்று விடிந்ததும் மறுபூஜை முடித்து, கீபோர்டை அவளிடம் தந்தேன். ஒரு வரி தட்டினாள். மூன்று மெஷின்களும் பதில் சொல்லின. அவ்வளவுதான், செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் அன்று சாம்பாரில் உப்பு போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. போடவில்லை என்று கணவர் சொன்னார். மூன்று மணி வாக்கில் அவள் வந்து சேர்ந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அங்கயும் கம்ப்யூட்டருக்கெல்லாம் மால போட்டு வெச்சுகீறாங்கக்கா! மொதலாளி வந்து கற்பூரம் காட்னாதான் தொடணுமாம். அவுரு வரவேல்ல. மேனேஜரு பாத்தாரு, சரி, எல்லாத்தயும் வாயாலயே சொல்லுங்கன்னுட்டாரு. மத்தவங்கள்லாம் கீபோர்டு இல்லாம முழிக்கறாங்கோ. நான் கையக் கட்டிக்கினு கடகடன்னு சொல்லினே போனேன்!"

"வேலை என்னடி ஆச்சு? அதச் சொல்லு!"

"திங்கக்கெழமலேந்து வரச் சொல்ட்டாங்க."

நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு அவள் தயங்கித் தயங்கி, "இன்னொண்ணுக்கா, திட்டாதீங்க. எங்க கத்துக்கினேன்னு கேட்டாரு. எங்க அக்கா ஒரே கம்ப்யூட்டர்ல மூணு லினக்ஸ் ஓட்டுவாங்க, ஒண்ணுகூட வுழாதுன்னேன். அவுங்க எங்க வேல பாக்கறாங்கன்னாரு. சும்மாதான் ஊட்ல கீறாங்கன்னேன்" என்றாள்.

"யாருடி சும்மா இருக்கா?" என்று எகிறினேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். உங்களயும் கூட்டினு வரச் சொன்னாரு."

போக வேண்டும் என்ற ஆசை முட்டிக்கொண்டு வந்தது. கம்பெனி போன நாளிலிருந்து இந்த ஆசையை நான் என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. முடியாது, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் முந்திக்கொண்டு வந்தது.

"ஏண்டி, திங்கக்கெழம ரெண்டு பேருக்கும் எத்தன மணிக்கு டப்பா கட்டணும்?"