மின்சாரம் திரும்பி வந்த லைன்

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மின்சார லைனின் கடைசியில் காற்றாலை ஒன்றை இணைத்தார்கள். அந்த ஆடியிலேயே ஊரில் பல்புகள் வரிசையாகப் பியூஸ் ஆயின.

"காத்தாடி வந்த பெறகுதான்ணே அம்புட்டும் போச்சு. அதக் கழட்டுங்க," என்று ஊரார் திரண்டு வந்துவிட்டார்கள். லைனைப் பார்த்துக்கொண்ட மின்வாரிய உதவிப் பொறியாளர் என் கல்லூரித் தோழன். "மாப்ள, கணக்குப் போட்டுக் காரணத்தச் சொல்லுடா," என்று மதுரைக்கு வந்து நின்றான். நான் அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரி கணக்குகளில் கெட்டிக்காரர் என் துறையிலிருந்த ஒரு மேடம். சௌராஷ்டிரத் தறிக்காரக் குடும்பத்தில் முதல் பொறியாளர். இந்தக் கணக்குக்கென்று விலைக்கு விற்கும் சாஃப்ட்வேர் எங்களுக்கு எட்டாது. அவர் இணையத்திலிருந்து இலவசமான ஒன்றை இறக்கினார். எங்கோ சிலர் எழுதி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைத்திருந்தார்கள்.

லைனின் விவரங்களைக் கொடுத்து ஓட்டினோம். கடைசியில் வோல்டேஜ் குறைவு என்றது. தோழன் அங்கே மீட்டர் வைத்துப் பார்த்ததோ மிக அதிகம்.

"மீட்டர்தான் தப்பா இருக்கும் மேடம்," என்றேன்.

"இருங்க சார், உள்ளே என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாப்போம்."

மறுநாள் மத்தியானம் அவர் கூப்பிட்ட குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மின்சாரம் துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் என்று மட்டுமே நம்பி எழுதப்பட்ட ஒரு வரியைப் பிடித்திருந்தார். காற்றாலையின் மின்சாரத்தையும் அது செலவாகவே எண்ணிவிட்டது. அதைத் திருத்தி ஓட்டியதும் கணக்கும் மீட்டரும் ஒத்துப்போயின.

பிறகு காரணம் புரிந்தது. முன்பு கடைசி வீடுகளில் வெளிச்சம் மங்குகிறதென்று துணைமின் நிலையத்தில் வோல்டேஜை ஏற்றி வைத்திருந்தார்கள். ஆடியில் கிணறுகள் வற்றி மோட்டார்கள் நின்றுவிட, காற்றாலை தந்த மின்சாரத்துக்குச் செலவில்லை. வோல்டேஜ் இன்னும் ஏறி, பல்புகள் தாங்காமல் போயின. காற்று ஓயும்வரை துணைமின் நிலையத்தில் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்றார் மேடம். தோழன் மேலிடத்தில் பேசி இறக்கினான். பல்புகள் தப்பின, காற்றாலையும் தப்பியது.

எனக்கு அதோடு வேலை முடிந்தது. மேடத்துக்கு வேலை இன்னும் முடியவில்லை. திருத்திய வரியை, எழுதியவர்களுக்கே அனுப்பி வைத்தார். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து, எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் தன் ஊர்க் காற்றாலைக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டதாக எழுதி, ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார். மேடம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பதில் அடிக்க உட்கார்ந்தார்.