தம்பியின் பிஸ்மில்லாஹ்

எங்கள் ஊரில் பிஸ்மில்லாஹ் சொல்லாமல் எதுவும் தொடங்காது. உலை வைக்க, கடை திறக்க, தோணி தள்ள, எல்லாவற்றுக்கும் அதுதான். என் தம்பிக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. இருபது வயதிலும் கழுத்து நிற்காது, நாக்கு புரளாது. அவன் எதையாவது சொல்ல வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு சொல்லி முடித்துவிடுவார். அன்பாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்முனைக் கடற்கரைக்குக் குதிரை வந்தது அந்தக் காலத்தில்தான். குதிரையேற்றம் நபிகள் காட்டிய வழி, சுன்னத்தான காரியம், இயலாதவர்களுக்குப் பழக்கினால் உடம்பும் தேறும், நன்மையும் கிடைக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை. பழக்க வந்தவள் இயன் மருத்துவம் படித்த நிந்தவூர்ப் பெண். அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. மேலே இருப்பவர் பிஸ்மில்லாஹ் சொன்னால்தான் குதிரை நடக்கும். குதிரையையும் அப்படியே பழக்கியிருந்தாள். அவருக்காக வேறு யாரும் சொல்லக் கூடாது.

“எவ்வளவு நேரம் போனாலும் பரவால்ல, ராத்தா. தம்பிதான் சொல்லணும்” என்றாள் அக்காவான என்னிடம்.

மாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு போவோம். குதிரைக்காரர் முன்னால் கயிற்றைப் பிடிப்பார். ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் தம்பியின் தொடையைத் தாங்கிக்கொண்டு நிற்போம். ஆரம்பத்தில் அவன் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கினான். வலை இழுக்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் “பி” வந்தது. மாதக்கணக்கில் அதையே இழுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் முழுச் சொல்லும் வந்தது, கோணலாக, எச்சில் ஒழுக. குதிரை காதைத் திருப்பியது. நடந்தது. அவன் சொல்லி ஓர் உயிர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வெட்கம் பாராமல் ஓவென்று அழுதேன்.

அன்றிலிருந்து அவன் சொல்லும்வரை உம்மாவைக்கூடச் சோற்றில் கைவைக்க நான் விடவில்லை. கறி ஆறட்டும். எங்களுக்கு என்ன அவசரம்?

அவசரம் எல்லாம் பெரியவர்களுக்குத்தான். உதவி தரும் வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் வருகிறார் என்று கடற்கரையில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, கமராக்காரரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தம்பிக்குப் புது வெள்ளை ஜுப்பா. கூட்டம் தொடங்கும்போதே அவன் குதிரையில் இருக்க வேண்டும் என்றார் அமைப்பின் தலைவர்.

“இப்ப ஏத்தாதீங்க. கூட்டம் முடியட்டும்” என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

“ஒரு போட்டோதானே புள்ள. குதிரையில இருந்தாத்தான் வடிவா இருக்கும்.”

ஏற்றினார்கள். குதிரைக்காரர் படத்தில் விழுகிறார் என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவளை இழுத்துப் பந்தலுக்குள் விட்டார்கள். நான் அசையவில்லை. விருந்தாளியே எனக்கும் குதிரைக்கும் நடுவில் வந்து, சேணத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார். தலைவர் மைக்கைக் கையில் எடுத்தார். எடுத்தவுடன், எங்கள் ஊரில் எவரும் செய்வதைத்தான் செய்தார்.

பிஸ்மில்லாஹ்.

தம்பியின் வாய் அப்போதுதான் திறந்திருந்தது. அவன் கை இன்னும் பிடியைத் தேடிக்கொண்டிருந்தது. குதிரையைக் குறை சொல்ல எதுவுமில்லை, பழக்கியபடி நடந்தது. விருந்தாளி பயந்து கையை எடுத்தார். தம்பி சரிந்து மணலில் விழுந்தான். தோள் மூட்டு விலகிவிட்டது.

“ஆளைக் குதிரையில இருத்தி வெச்சிட்டு மைக்கில ஏன் சொன்னீங்க?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்.

“பிஸ்மில்லா சொல்லாம கூட்டம் தொடங்க ஏலுமா? என்ன கதை கதைக்கிற நீ? எல்லாம் அல்லாட நாட்டம்” என்றார் தலைவர்.

அல்லாஹ்வின் நாட்டத்தை நான் மறுக்கவில்லை. அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற ஆட்களைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

பழக்கல் நின்றது. குதிரை முரடு என்று முடிவு கட்டினார்கள். இப்போது அது அறுகம்பேயில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சுமக்கிறதாம். அந்தப் பெண் கொழும்புக்குப் போய்விட்டாள். தம்பியின் தோள் தேறியது. சொல் மட்டும் திரும்பவில்லை. சோற்றுக்கு முன்னால் நானும் உம்மாவும் காத்திருப்போம். அவன் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு உம்மா ஊட்டத் தொடங்குவார்.

அமைப்பின் பேஸ்புக் பக்கத்தில் அந்த வீடியோ இன்னும் கிடக்கிறது. அவன் விழுவதற்குச் சற்று முன்னால் வெட்டியிருக்கிறார்கள். திறந்த வாயோடு தம்பியின் முகம், கணீரென்று ஒரு பிஸ்மில்லாஹ், குதிரை நடக்கிறது. கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, எங்களைத் தெரிந்த ஒரு பெண், “ஒங்கட தம்பி எவ்வளவு தெளிவாச் சொல்லுறாரு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அது தலைவரின் குரல் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

தம்பி என் போனைத் தட்டித் தட்டி அதையே கேட்பான். போட்டுக் காட்டுவேன். திரையில் தன் வாய் திறக்கும்போது இங்கேயும் வாயைத் திறப்பான், கழுத்து நரம்பு புடைக்க. ஒவ்வொரு தடவையும் தலைவர் முந்திக்கொண்டு சொல்லி முடித்துவிடுகிறார்.