சாம்பிளுக்குப் பொறுக்கி வைத்த கடலைக்காய்

இன்று எருமப்பட்டி பக்கம் ஒரு களத்தில் என் இரண்டு வருட ஆராய்ச்சி மண்ணாகப் போனது!

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். (சொந்தக்காரர்களைக் கேட்டால் "பொண்ணு கடலை வாங்க ஊர் ஊரா போகுது" என்பார்கள்.)

இப்போதெல்லாம் மழைக்கு நேரம் காலம் கிடையாது. கடலைக்காயைப் பிடுங்கிக் காயப்போட்டதும் கொட்டுகிறது.

நனைந்த காயில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை விடும் விஷம் கல்லீரலைக் கெடுக்கும். அது எவ்வளவு நம் சாப்பாட்டுக்குள் வருகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

இரண்டு வருடமாக அதே வீடுகள். போவதற்கு முதல் நாள் போன் செய்துவிடுவேன்.

"அக்கா, நாளைக்கு வர்றேன். சாம்பிளுக்கு ஒரு கிலோ எடுத்து வைங்க."

(இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளப் போகிறேன்.)

லேப் ரிசல்ட் ஒவ்வொரு தடவையும் சுத்தம். என் கைடு சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"இவ்ளோ மழையிலயும் நம்ம ஏரியா கடலை சேஃப்! சூப்பர்மா!"

'உண்பதற்குப் பாதுகாப்பானது' என்று நானே டைப் செய்த ரிப்போர்ட் இன்று காலைதான் மேலிடத்துக்கு மெயிலில் போனது.

அடுத்த பருவத்துச் சாம்பிளுக்காக நான் பஸ் ஏறினேன். ரிப்போர்ட் அவசரத்தில் நேற்று போன் செய்ய மறந்திருந்தேன், இன்று போனில் சார்ஜ் இல்லை. முதல் தடவையாகச் சொல்லாமல் போய் நின்றேன்.

பழனியம்மாள் அக்கா களத்தில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இரண்டு குவியல். ஒன்றில் பளிச்சென்று வெளுத்த காய். இன்னொன்றில் கறுத்துச் சுருங்கியது.

"அடடா, சொல்லாம வந்துட்டீங்களே அம்மணி! இன்னம் பொறுக்கி முடியலீங்களே!"

"எதுக்குங்க்கா பொறுக்கறீங்க?"

"உங்களுக்குத்தானுங்க. காயி புடுங்குனா வருவீங்கன்னு தெரியுமில்லீங்க. ஆபீசுக்குப் போற காயி. சொத்தையக் குடுத்தா எங்கூட்டு மானம் என்னத்துக்காகும்?"

நான் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"எப்பவுமே இப்படித்தான் குடுத்தீங்களா?"

"நான் மட்டுமா? ஊரே அப்படித்தானுங்க! நீங்க போன் போட்டதும் எல்லாரும் மொறத்த எடுத்துக்கிட்டு உக்காந்துருவோம்." அவர் முகத்தில் அவ்வளவு பெருமை!

கறுத்த குவியலைக் காட்டினேன். "இது எங்க போகுங்க்கா?"

"ஏவாரி இத எடுக்க மாட்டானுங்க. செக்குல ஆட்டி எண்ணெய் நாங்க வெச்சுக்குவோம், புண்ணாக்கு மாட்டுக்கு. கொஞ்சம் வறுத்துச் சட்டினிக்கு. புள்ள பிரசவத்துக்கு வந்துருக்கறா, கடலச் சட்டினி இல்லாம அவளுக்கு எறங்காது."

வாசலில் அந்தப் பெண் நிறைமாத வயிற்றோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கையில் அவர்கள் கொடுத்த டீ, அந்தப் புண்ணாக்கு தின்ற மாட்டின் பாலில் போட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா பதறிவிட்டார்.

"நல்லா வறுத்தா போயிருமில்லீங்க?"

"முழுசாப் போகாதுங்க்கா."

"ரெண்டு வருசமா வந்துட்டுப் போறீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க அம்மணி?"

'முடிவு வரும் முன் யாரிடமும் எதுவும் சொல்லாதே' என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வெட்கமாக இருந்தது. என் படிப்பில் தீயை வைக்க!

அங்கேயே சார்ஜ் போட்டுச் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், சாம்பிள் எல்லாமே பொறுக்கி எடுத்தது. ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிடுங்க சார்."

"போனது போயிடுச்சும்மா. லேப் பொய் சொல்லாது."

"லேப் சொல்லலை சார். நாமதான் சொல்லியிருக்கோம்."

போன் கட்! அதையே மெசேஜாகவும் மெயிலாகவும் எழுதி அனுப்பினேன், மேலிடத்துக்கும் சேர்த்து. சாரிடமிருந்து நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. (பட்டம் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இனி இல்லை.)

கிளம்பும்போது கேட்டேன். "அக்கா, அந்தக் கறுத்த குவியல்ல இருந்து ஒரு கிலோ குடுங்க. அதுதான் எனக்கு வேணும்."

"ஐயோ, அத எப்படிங்க குடுக்கறது? ஊட்டுக்கு வந்தவங்களுக்குப் போய்..."

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு உள்ளே எடுத்துப்போய்ப் பையில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தக் காயச் செக்குக்குக் கொண்டு போறத நிறுத்திப் போடறனுங்க. ஆனா அம்புட்டையும் கொட்டிப்போட்டு வருசம் முச்சூடும் எண்ணெய்க்கு என்னங்க பண்றது?"

"கேட்டுச் சொல்றேங்க்கா" என்று பையை வாங்கிக்கொண்டேன்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைப் பிரித்தேன்.

கறுத்த காய்க்கு மேலே, வெளியே தெரியாதபடி, இரண்டு கை நல்ல காயைப் பரப்பி வைத்திருந்தார்.

சொல்லுங்க மக்களே, இந்த மனுஷி வீட்டுச் சாப்பாட்டைத்தான் நான் 'பாதுகாப்பானது' என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். நான் எந்த மூஞ்சியோடு மறுபடி அந்தக் களத்துக்குப் போவேன்?