சோப்புத் தண்ணீரில் இருமல் சிரப் சோதித்த கதை

மருந்துச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் வயிற்றுக்குள் காற்று போனால் பரவாயில்லை, பம்புக்குள் போகக் கூடாது. எச்.பி.எல்.சி. மெஷினோடு மாரடிக்கும் சக பாவப்பட்டவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்கு: மருந்தை ஒரு திரவத்தோடு பம்பால் எஃகுக் குழாய்க்குள் தள்ளினால், அதிலிருப்பது ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். எங்கள் அம்பத்தூர் லேபில் அந்தத் திரவத்தில் பாதி அசிட்டோநைட்ரைல், அதாவது விஷம். அதற்குப் பதில் சோப்புத் தண்ணீரே போதும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார் மேனேஜர் வாசுகி மேடம். மாட்டியது நான்.

நுரை

பழைய பழக்கத்தில், சோப்புப் பவுடர் போட்ட தண்ணீர்க் குடுவையை நன்றாகக் குலுக்கிவிட்டு, அதிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் தனிப் பம்பைப் போட்டேன். நுரை குடுவையின் கழுத்தைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, என் ஷூ வரை வந்தது. பம்பை நிறுத்தத் தோன்றாமல் டிஷ்யூவைத் தேடிக்கொண்டிருந்தேன். லேபைச் சுத்தம் செய்யும் சரோஜாக்கா மாப்போடு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். சுவிட்சை அவரே அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பவுடரைப் போட்டு மெள்ள கலக்கணும் நைனா. இதுக்கா காலேஜுக்கெல்லாம் போய்கினு வந்தே?"

பதினாறு டிகிரி

இந்தச் சோப்பு குளிர்ந்தால் உறைந்துவிடும். அதனால் ஏசியை இருபத்தாறில் வைத்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் வியர்த்து வழிந்து, எனக்குத் தெரியாமல் ஏசி மெக்கானிக் ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். அவர் பதினாறில் வைத்துவிட்டுத் திருமுல்லைவாயில் போய்விட்டார். அன்று சனிக்கிழமை.

திங்கள் காலை பாட்டிலின் அடியில் கற்கண்டு மாதிரி படிந்திருந்ததைக் கவனிக்காமல் மெஷின் பம்பைப் போட்டேன். குழாய் அடைத்து மெஷின் நின்றது. இருப்பதே ஒரு குழாய். மாலைக்குள் பூந்தமல்லி கம்பெனி ஒன்றின் இருமல் சிரப்புக்கு ரிப்போர்ட் தர வேண்டும். லோடு ஏற்றிய லாரி அதற்காக நிற்கிறது. கேன்டீனில் வெந்நீர் வாங்கி, துணியை நனைத்துக் குழாய்க்கு ஒத்தடம் கொடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக உள்ளே ஓட்டினேன். பதினொன்றரைக்கு அழுத்தம் இறங்கியது. உடனே ஏழுமலைக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவர் சொன்னது:

"அல்லாரும் கூலிங் பத்தலன்னு திட்டுவாங்க. ஜாஸ்தின்னு திட்ற மொத ஆளு நீதான் சார்."

முதலாளி வந்தார்

மூன்று மணிக்குச் சிரப் முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். மெஷின்மேல் நுரையோடு இருந்த பாட்டிலைப் பார்த்து முகம் மாறியது. சோப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் மைசெல் என்ற குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சேரும், மருந்துகள் அவற்றுக்குள் தங்கித் தங்கி வருவதால் தனித்தனியாகப் பிரியும் என்று விளக்கினேன். தலையாட்டினார். திரையில் கோடு ஊசிமுனை போல எழுந்தது. சிரப் பாஸ். எனக்கு உயிர் வந்தது. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தவர், என் காதருகே குனிந்தார்:

"எல்லாம் சரி தம்பி, சோப்பு மேட்டரை மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. நம்ம சிரப்பைக் குடிச்சா வாயில சோப்பு முட்டை வரும்னு கிளப்பி விட்ருவானுங்க."

மருந்தைச் சோதிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மருந்து என்னைச் சோதிப்பதெல்லாம் இலவசம்.