ரெண்டு பக்கத்தாள்

சைக்ளோஸ்டைல் மையின் மண்ணெண்ணெய் வாடைதான் எனக்கு அப்பாவின் வாடை. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த வருஷங்களில், பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்று கணக்குப் போடுவதையே வேலையாகக் கொண்டிருந்த அவர், பல்கலைக்கழகத் துறையில் சைக்ளோஸ்டைல் மெஷினில் அடித்து மிஞ்சிப்போகும் கேள்வித்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து அவற்றின் வெற்றுப் பின்பக்கத்தில்தான் எழுதுவார். கடலூர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். நல்ல தாளை வீணடிக்க மனசு வராது. ஊரிலிருந்து வரும் மாமா, "வானத்தையே படிக்கிறீங்க மச்சான், புயல் எப்ப வரும்னு மட்டும் சொல்ல மாட்டேன்றீங்க" என்று சீண்டுவார். அப்பா களைப்பாகச் சிரிப்பார்.

எங்கள் வீட்டுச் சட்டம் எளியது. "ஒரு பக்கத்தாள்" அப்பாவுக்கு, "ரெண்டு பக்கத்தாள்" பழைய பேப்பர்காரருக்கு. பிரிக்கும் வேலை என்னுடையது. ஐந்தாவது முடிந்த கோடை லீவில், ஒரு பக்கம் அச்சும் மறுபக்கம் அப்பாவின் பொடி எழுத்துமாக இருந்த ஒரு கட்டை, சட்டத்தை அட்சரம் பிசகாமல் மதித்து, நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். அது அவருடைய எட்டு மாத உழைப்பு.

அம்மா அழுதாள். அப்பா சைக்கிளில் சிதம்பரம் கடைத்தெரு முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி, பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னிடம், "அது தப்புக் கணக்கும்மா. நானே கிழிச்சுப் போடலாம்னு இருந்தேன்" என்றார். நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது. முதலிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தவர், பாதியில் ஒருநாள் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு வகுப்பு, விடைத்தாள், மறுபடி வகுப்பு என்றே ஓய்வும் பெற்றார்.

போன மாதம், அப்பா இப்போது இருக்கும் கடலூர் வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் ஜெராக்ஸ். அப்பா நிறுத்திய அதே வருஷத்தது. விடைத்தாள் திருத்துவதுபோல வரிக்கு வரி சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார். கடைசி வரிக்குக் கீழே, "எனக்கும் இதே விடைதான் வந்தது" என்று பொடி எழுத்தில் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். சைக்ளோஸ்டைல் மெஷின் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் கண்ணுக்கு எழுத்தே பிடிபடுவதில்லை.

கூடத்திலிருந்து, "என்னாம்மா அது?" என்றார்.

"பழைய பேப்பர்ப்பா."

"ரெண்டு பக்கமும் எழுதியிருந்தா போட்டுடும்மா."

"ஒரு பக்கந்தாம்ப்பா" என்று சொல்லி, அதை என் பையில் வைத்துக்கொண்டேன்.